ஸ்பேனரால் இரண்டு தட்டு

மார்ச் 3, திங்கள்

பட்டறையில் இன்று ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்கள். எங்கள் ஒன்பது பேர் பெயரும் வரிசையாக. மேனேஜர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. பழுது பார்த்து வெளியே அனுப்பும் ஒவ்வொரு வாஷிங் மெஷினுக்கும் ஒரு ஸ்டாராம். மாதக் கடைசியில் யாருக்கு அதிகமோ அவருக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு, குடும்பத்தோடு கடற்கரை ஓட்டல்.

பக்கத்து மேஜைக்காரி ரேடியோ — பேசாத நேரத்தில் பாடுவாள், பாடாத நேரத்தில் பேசுவாள், அதனால் அந்தப் பெயர் — "எனக்குக் கடல் வேணாம்டி, உப்புக்காத்து ஒத்துக்காது. நீ ஜெயிச்சுட்டு வா" என்றாள்.

வீட்டில் வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். மகள் நீச்சலுடையை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது!

மார்ச் 5, புதன்

புயல் அண்ணன் இன்று ஆறு மெஷின் முடித்தார். எழுந்து நிற்கவே நல்ல நேரம் பார்க்கிற மனிதர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான் புயல். டீக்குக்கூட உட்காரவில்லை. "அண்ணே, காய்ச்சல் எதுவும் இல்லையே?" என்று ரேடியோ அவர் நெற்றியில் கை வைக்கப் போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, பலகை வேலை செய்கிறது. காணாமல் போன ஸ்பேனர்கள் எல்லாம் தாமாகவே இடத்துக்கு வந்துவிட்டன.

மார்ச் 7, வெள்ளி

முதலிடம். நான்!

பதினோரு வருடத்தில் இந்தப் பட்டறையில் என் பெயரை எழுதிப் பார்த்தது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மதியம் மட்டும் நான்கு தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். பலகை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்துவிட்டது. ஃபில்டரில் சிக்கிய சட்டைப் பொத்தானை எடுத்தாலும் ஒரு ஸ்டார், அரை நாள் போராடி டிரம் பேரிங் மாற்றினாலும் அதே ஒரு ஸ்டார். பேரிங் என்றால் மெஷினைப் படுக்கப் போட வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்கு வாயைத் திறந்து கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஸ்பேனரால் மேஜையில் இரண்டு தட்டு. கை காலியாக இருப்பவர் வருவார், பிடிப்பார், போவார். யார் ஆரம்பித்ததோ தெரியாது, நான் சேர்ந்தபோதே இருந்தது.

இந்த வாரம் தட்டும் சத்தம் குறைவு. தட்டினாலும் எல்லோருக்கும் திடீரென்று கை நிறைய வேலை.

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பஸ் கதை உண்டு. "எங்க டிப்போலயும் நேரத்துக்கு வந்தா பரிசுன்னாங்க. ஸ்டாப்ல நிக்காமப் போனோம். கரெக்டா நேரத்துக்குப் போயிட்டோம்." சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நாங்கள் அப்படி இல்லை.

மார்ச் 17, திங்கள்

நாங்களும் அப்படித்தான்.

காலை ஏழுக்கே போய் நான்கு சுலபமான மெஷின்களை எடுத்து 'உதிரி பாகத்துக்குக் காத்திருக்கிறது' என்ற மஞ்சள் அட்டையைக் கட்டி மூலையில் ஒதுக்கி வைத்தேன். இனி யாரும் தொட மாட்டார்கள், வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம். என் மூளைக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். எட்டு மணிக்குப் பார்த்தால் மூலை முழுக்க மஞ்சள் அட்டை. எல்லோரும் ஒரே மாதிரிக் களவாணிகள்.

மார்ச் 20, வியாழன்

புயல் அண்ணன் 38, நான் 37. ரேடியோ 19, கடைசி. யாரும் தொடாத பேரிங் மெஷின்களை எல்லாம் அவள் எடுத்துக்கொள்கிறாள். "ஏண்டி இப்படிப் போய் மாட்டிக்கிற?" என்று கேட்டேன். "யாராவது செய்யணும்ல? அந்தப் பொம்பளைங்க வீட்ல துணி மலை மாதிரி கிடக்கும்" என்றாள். பிறகு ஏதோ பாடினாள். சுருதி அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்தரை மணி. இரண்டு தட்டு கேட்டது. ரேடியோதான், சத்தத்திலேயே தெரியும், அவள் தட்டுவதில் ஒரு தாளம் இருக்கும். என் கையில் பாதி கழற்றிய ஃபில்டர். யாராவது போவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு தட்டு. குனிந்த தலை நிமிரவில்லை நான். எட்டு பேரில் ஒருத்தர்கூட நிமிரவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். மெஷின் சரிந்து அவள் கைமேல். அவள் கத்தக்கூட இல்லை, "அய்யோ"ன்னு மெதுவா... எட்டு பேரும் ஓடினோம். இப்ப ஓடி என்ன பண்ண? அப்ப எங்கடி போச்சு உன் காலு?

மார்ச் 26, புதன்

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் கட்டு.

மார்ச் 31, திங்கள்

ஜெயித்துவிட்டேன். நான் 53, புயல் அண்ணன் 51. எல்லோரும் கை தட்டினார்கள். புயல் அண்ணன்தான் பலமாகத் தட்டினார், நல்ல மனிதர்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு எழுந்து போயிருந்தால் மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஃபில்டர்.

மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

ஏப்ரல் 2, புதன்

ரேடியோ வீட்டுக்குப் போனேன். இடது கையால் சீப்பைப் பிடித்துத் தலையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கி நானே வாரிவிட்டேன். பின்னலை முடிக்கும்போது, திரும்பாமலே கேட்டாள்: "அன்னிக்கு நான் தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

"மோட்டாரை ஓடவிட்டுப் பாத்துட்டு இருந்தேன்டி. ஒண்ணும் கேக்கல."

"சரி" என்றாள்.

சீ.

ஏப்ரல் 9, புதன்

ஓட்டல் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். மகள் காலையிலிருந்து தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை, விரல்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. இவர் மணலில் படுத்து, ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி விடாமல் குறட்டை. எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. பிடிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மா, ரேடியோ அத்தைக்குச் சிப்பி எடுத்துட்டுப் போலாமா?" என்றாள் மகள். ஒரு பை நிறையப் பொறுக்கியிருக்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேனேஜரிடம் போய் நின்றேன். "சார், தட்டுனா போறவங்களுக்கும் ஒரு ஸ்டார் குடுங்க. இல்லன்னா இன்னொரு கை உடையும்." அவருக்கு ஒரே சந்தோஷம், உடனே பலகையில் எழுதிவிட்டார். எனக்கும் பாரம் பாதி இறங்கின மாதிரி.

ஏப்ரல் 18, வெள்ளி

பட்டறை மரங்கொத்திக் கூடாரம் ஆகிவிட்டது. டொக் டொக், டொக் டொக். நீ எனக்குத் தட்டு, நான் உனக்குத் தட்டுகிறேன் என்று ஜோடி ஜோடியாக ஒப்பந்தம். புயல் அண்ணன் கீழே விழுந்த ஸ்குரூவை எடுக்கத் தட்டினார். மூன்று பேர் ஓடிப் போய் மண்டையோடு மண்டை இடித்துக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் நான்தான் என்பதை வெளியே சொல்லவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேனேஜர் பலகையை ஈரத்துணியால் அழித்துவிட்டார். புதுத் திட்டம்: தனி ஆளுக்கு ஸ்டார் கிடையாது. மொத்தப் பட்டறைக்கும் ஒரே கணக்கு, பழுது சரியாகாமல் திரும்பி வரும் மெஷினுக்குக் கழிவு. நன்றாகப் போனால் எல்லோருக்கும் முறைபோட்டு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு.

"எல்லாருக்கும்னா நான் எதுக்கும்மா ஓடணும்?" என்று புயல் அண்ணன் டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதுவும் நியாயம்தான். போன மாதம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நானும் பார்த்தேனே. தன் பெயரை மேலே பார்க்கும் சுகம் எனக்கு மட்டும் தெரியாதா? மஞ்சள் அட்டைகள் மட்டும் ஒரே நாளில் காணாமல் போயின.

மே 12, திங்கள்

ரேடியோ வந்துவிட்டாள். கையில் இன்னும் ஒரு பட்டை, கனமானது தூக்கக் கூடாதாம். சின்ன வேலைகள்தான். சிப்பிப் பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். எத்தனை நாள்தான் விழுங்கிக்கொண்டே இருப்பது, சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு மோட்டார் ஓடலடி. கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நான்தான் வரல."

"தெரியும்."

"எப்படி?"

"பதினோரு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன். உன் மேஜையில மோட்டார் ஓடுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? வராதது கூடப் பரவால்ல. என் தலையை வாரிக்கிட்டே பொய் சொன்ன பாரு." திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

மே 13, செவ்வாய்

பாட்டு இல்லை. பேச்சு இல்லை.

மே 14, புதன்

இன்றும் இல்லை. பட்டறையே இழவு வீடு மாதிரி இருக்கிறது. "ரேடியோவுக்கு என்னம்மா ஆச்சு, ரிப்பேரா?" என்று புயல் அண்ணன் என்னைக் கேட்கிறார். என்னத்தைச் சொல்ல?

மே 16, வெள்ளி

காலையில் என் மேஜைக்கு ஒரு பேரிங் மெஷின் வந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன், மேஜைவரை கொண்டுபோனேன், தட்டவில்லை. நான் எந்த முகத்தோடு தட்டுவது? ஒரு பலகையைக் கீழே கொடுத்து மெதுவாகத் தனியாகவே சாய்த்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தட்டு. ரேடியோ மேஜையிலிருந்து.

போட்டது போட்டபடி ஓடினேன். என் முழங்கால் ஸ்டூலில் இடித்து, ஸ்டூல் உருண்டு, பெரிய ரகளை. போய் நின்றால் அவள் மேஜையில் ஒன்றுமே இல்லை. மெஷினும் இல்லை, ஸ்குரூவும் இல்லை. ஸ்பேனரும் சிப்பி ஒன்றும் மட்டும்தான்.

"என்னடி? என்ன தூக்கணும்?"

"ஒண்ணும் இல்ல. வர்றியான்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும், வெட்கமே இல்லாமல்.

"சரி சரி, மூக்கைத் துடை. தனியா அதைச் சாய்க்கப் பாத்தியே, உனக்கும் ஒரு கை உடையணுமா? எனக்கு ஒரு கைதான் இருக்கு. புயல் அண்ணே, நீங்களும் டீயை வெச்சுட்டு வாங்க!"

மூன்று பேருமாகப் படுக்கப் போட்டோம். புயல் அண்ணன் வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. வேலை முடிய மதியம் தாண்டிவிட்டது. அதுவரை ரேடியோ ஒரே பாட்டை ஒன்பது தடவை பாடினாள், ஒரு தடவைகூடச் சுருதி சேரவில்லை. இன்றைக்கு நான் முடித்தது மொத்தம் ஒரு மெஷின்.