பக்கத்து இருக்கை

தை, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக வாசலில் மிளகைக் காயப்போட்டேன். உள்ளே டிவியில் தம்பியின் விமான விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். கேப்டன் அதிவேகமாகத் தரையிறக்கியதில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி உடைந்ததாம். துணை விமானி தடுக்கவில்லையாம். அந்தத் துணை விமானி என் தம்பி. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் சரியாகப் பேசுவதில்லை.

"வேகம்னு தெரிஞ்சுதா கண்ணு?"

"தெரிஞ்சுதுங்கக்கா. அவரு பெரியவருங்க. எப்படிச் சொல்றது?"

சின்ன வயதில் அப்பாவின் ஜீப்பில் மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு கத்துவான்: "வேகமுங்கப்பா, பிரேக்கப் புடிங்க." "சரிங்க ஆபீசர்" என்று அப்பா சிரித்தபடி பிரேக்கை மிதிப்பார். தம்பியின் அந்தக் குரல் இன்று முழுக்கக் காதிலேயே இருக்கிறது.

நாளை சந்தைக்கு ஜீப்பை நான் ஓட்டுவேன். அவன் பக்கத்தில் உட்காருவான். ஒரு வளைவுக்கு முன்னால், அவன் சொல்லும்வரை வேகத்தைக் குறைக்கப்போவதில்லை.