மேய்ச்சல் நிலத்துச் சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாமா வீட்டில் நான் நலமாக இருக்கிறேன், பள்ளிக்கூடமும் நன்றாகப் போகிறது. எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். மாமாவின் மேய்ச்சல் நிலத்தில் விஷச்செடி மண்டிவிட்டதால் மூன்று நாள் முன்பு களைக்கொல்லி அடித்தார். இன்று மாடுகளை உள்ளே விடப்போவதாகச் சொன்னார். பதினான்கு நாள் விடக் கூடாது, வாடும் செடி இனிப்பாகிவிடும், மாடு தேடித் தின்னும் என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கிறது. சொன்னேன். "என் மாட்டுக்குத் தெரியாத விஷமா? போய்ப் பாடம் படி, டாக்டரம்மா!" என்று சிரித்தார்.

அதனால் நிலத்துக் கேட்டைப் பூட்டி, சாவியை ஜியாமெட்ரி பெட்டியில் ஒளித்துவிட்டேன். மாமா வீட்டையே புரட்டிப் போட்டார். அத்தை அந்தப் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "இங்கேயும் இல்லீங்க. மாடு முழுங்கியிருக்கும்" என்றார்!

நாளை மாமா பூட்டை உடைப்பாராம். அதற்குள் சாவியையும் டப்பாவையும் அவர் முன்னால் வைத்து, நானே சத்தமாகப் படித்துக் காட்டப்போகிறேன். படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவாரோ, தெரியவில்லை. ஆனாலும் பதினோரு மாடுகளும் இன்று கொட்டிலில் நின்று வைக்கோல்தான் தின்றன, அப்பா. என்னால்தான்.

டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி அனுப்புங்கள். பதிலைத் தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதுங்கள். அத்தை இருமுகிறார். வெளிச்சம் வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

உங்கள் மகள்