கட்டிலுக்குக் கீழே பன்னிரண்டு பாட்டில்

பிளானோ, டெக்சஸ்
6-2-1986, வியாழன் காலை

அன்புத் தங்கை ஷ்யாமளாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய் மாலினியைத் தூக்கு. அவள் கட்டிலை இழுக்காதே. கட்டிலுக்குக் கீழே இருக்கும் பீர்ப் பெட்டியைத் தொடாதே, திறந்து பார்க்காதே. குழந்தையோடு வெளியே வந்து படுக்கையறைக் கதவைச் சாத்து. மீதியை முன் அறையில் உட்கார்ந்து படி.

தூக்கிவிட்டாயா? சரி. இனி முறையாக எழுதுகிறேன். நாங்கள் இருவரும் கர்த்தர் புண்ணியத்தில் கை கால் முழுசாக இருக்கிறோம். வெறும் வாய்வார்த்தையாக எழுதவில்லை, எப்படி என்று கீழே படித்தால் தெரியும். நீங்கள் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? உன் கார்டு நேற்று மதியம் வந்தது. பிஸ்கட்டவே ஊரில் ஜன்னல் உயரத்துக்குப் பனி என்றும், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் சாமான் வைக்க இடமில்லை என்றும் எழுதியிருந்தாய். "அவருடைய கஷாயப் பெட்டியைக் கூட மாலினி கட்டிலுக்கு அடியில்தான் தள்ளியிருக்கிறோம், அங்கேதான் ஹீட்டர் பக்கம் கதகதப்பாக இருக்கிறதாம்" என்று நீ சிரித்துக்கொண்டே எழுதியதைப் படித்தபோது கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டுப் போனுக்கு ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் தண்ணீர் ஹீட்டர் இருக்கும் அலமாரியில் டயர் வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் இன்னொன்று. நம் வீட்டில் காய்ச்சின ஸ்டவுட்தான், அந்தக் கறுப்பு பீர். கதவைத் திறக்கப் போனேன், இவர் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார். அந்த நேரத்தில் மூன்றாவதும் போனது. கறுப்புத் தண்ணீர் கதவுக்குக் கீழே வழிந்து வந்தது. அடங்கின பிறகு பார்த்தால், கதவின் உள்பக்கம் கண்ணாடிச் சில்லுகள் ஆணி அடித்த மாதிரி ஏறியிருக்கின்றன. என் இடுப்பு உயரம். மாலினி நின்றால் அவள் முகம் இருக்கும் உயரம், ஷ்யாமளா. அதை இன்னும் பிடுங்கவில்லை.

நேற்றுக் காலையில் டேல் போன் பண்ணினார். பீர் காய்ச்சுகிற குழுவில் தாடி வைத்துக்கொண்டு எல்லாருடைய பீரையும் மோந்து பார்த்தே குறை சொல்வாரே, அவர்தான். நம் வீட்டிலிருந்து கொண்டு போன பாட்டிலில் ஒன்று அவர் கராஜிலும் வெடித்துவிட்டதாம். நல்லவேளை, யாரும் பக்கத்தில் இல்லை. "சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருக்கிறது, யார் போட்டது" என்று கேட்டார். இவர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு இந்தக் கஷாய சாஸ்திரத்தில் அக்கறை கிடையாது என்று தெரியும். இருந்தாலும் இதைத் தெரிந்துகொள். பாட்டிலில் அடைக்கிற அன்று கொஞ்சம் சர்க்கரையைத் தண்ணீரில் காய்ச்சிக் கலப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்று காற்று விடும். மூடி இறுக்கமாக இருப்பதால் காற்று உள்ளேயே தங்கும், திறக்கும்போது நுரை வரும். ஒரு பங்கு சர்க்கரைக்கு நுரை. இரண்டு பங்குக்குப் பாட்டில் தாங்காது. குளிரில் ஈஸ்ட் தூங்கும், சூட்டில் வேலை செய்யும். நீங்கள் டிரக்கில் குளிரில் கொண்டு போனதால்தான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறது. இப்போது ஹீட்டர் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டு பங்கு எப்படி விழுந்தது என்பதையும் சொல்கிறேன். கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. நீங்கள் நியூ ஜெர்சி போகிற சேதியை உன் வீட்டுக்காரர் வாஞ்சி இவரிடம் சொல்லவில்லை. குழுவில் டேல் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் காய்ச்சி, ஒரே குழாயில் இறக்கி, ஒருத்தன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் மற்றவன் முழுப் பானையையும் கொட்டிவிடுகிற சிநேகிதம். "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்ல வாய் வரல" என்று இவருக்கு ஆற்றாமை. அதை அப்படியே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாகச் சர்க்கரையில் சண்டை பிடித்தார். இந்தத் தடவை கருப்பட்டி போட வேண்டும் என்று இவர். புத்தகத்தில் உள்ளபடி சோளச் சர்க்கரைதான் என்று வாஞ்சி. கடைசியில் வாஞ்சி எல்லார் முன்னாலும், "கருப்பட்டி போட்டா அது பீர் இல்ல, பானகம்" என்று சொல்லிவிட்டார். டேலுக்கு அதை இங்கிலீஷில் வேறு விளக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் பானையில் இருப்பதை விட முடியுமா? பாட்டிலில் அடைக்க வாஞ்சி வந்தார். ஒரே கராஜ், ஒரே பானை, இரண்டு ஆண்பிள்ளைகள், நடுவில் நான். "அமலி, பாட்டில் கழுவியாச்சான்னு கேளுங்க" என்று அவர் சொல்வார். இவர் காது கேட்காத மாதிரி நின்றுகொண்டு, "கழுவியாச்சுன்னு சொல்லு" என்பார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு! எனக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்கு. உள்ளே குக்கர் சத்தம் கொடுத்தது, நான் போனேன். திரும்பி வந்தபோது இருவரும் மும்முரமாக மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் இரண்டு பாத்திரம் கிடந்தது. ஒன்றில் வாஞ்சி காய்ச்சிய வெள்ளைப் பாகு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் கருப்பட்டிப் பாகு. உடன்குடியிலிருந்து என் அண்ணன் அனுப்பின கருப்பட்டி, காப்பிக்கு என்று சொல்லி இவர் காலையில் வாங்கிக்கொண்டது. இரண்டையும் நான்தான் கழுவிக் கவிழ்த்தேன். அந்த நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உங்களை வழியனுப்பக் கூடினோமே, அன்று முதல் பாட்டிலைத் திறந்தபோது நுரை மேஜையெல்லாம் வழிந்தது ஞாபகம் இருக்கிறதா? டேல் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தக் குழுவில் இதுவரை இப்படி ஒரு ஸ்டவுட் வந்ததில்லை என்றார். இவரும் வாஞ்சியும் ஆளுக்கொரு மூலையில் நின்று ஒரே மாதிரி சிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் சர்க்கரைதான் ஜெயித்தது என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு குழுவின் வழக்கப்படி ஆளுக்குச் சில பாட்டில் பங்கு போட்டார்கள். ஊரை விட்டுப் போகிறவர் என்று உங்களுக்குப் பன்னிரண்டு.

உன் கார்டைப் படித்த கையோடு நேற்று வாஞ்சியின் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். உங்கள் வீட்டுக்கு இன்னும் போன் லைன் வரவில்லை, அந்த ஊரில் எங்களுக்கு வேறு யாரையும் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பிலிப் கருப்பட்டி போட்டானா இல்லையா? அதை அவன் வாயால சொல்லச் சொல்லுங்க. நான் அளந்துதான் போட்டேன். சனிக்கிழமை என் புது ஆபீஸ் பசங்க டேஸ்ட் பண்ண வராங்க, அது அவனுக்குப் பொறுக்கல." இவர் பக்கத்தில்தான் நின்றார். நான் ரிசீவரை நீட்டினேன். இவர் வாங்காமல், "நான் ஒண்ணும் போடலைன்னு சொல்லு" என்றார். அது வாஞ்சி காதில் விழுந்துவிட்டது. நான் கெஞ்சினேன். கடைசியில், "சரி, கட்டிலை நகர்த்தறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நகர்த்தினாரா, ஷ்யாமளா? அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடி கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். விசாரித்து உங்கள் அபார்ட்மென்ட் ஆபீஸ் நம்பரை வாங்கினேன். என் இங்கிலீஷில் அந்த அம்மாளிடம், ஒரு குழந்தையின் கட்டிலுக்குக் கீழே பாட்டில்கள் வெடிக்கப் போகின்றன என்று சொல்ல, அவள் குரல் மாறிவிட்டது. வெடிகுண்டா, எந்த வீடு, நீ யார் என்று கேட்டாள். இவர் பாய்ந்து வந்து லைனைத் துண்டித்துவிட்டார். "போலீஸ் வந்து நின்னா அவன் புது வேலை என்ன ஆவும், கிரீன் கார்டு என்ன ஆவும்" என்றார். பேசமாட்டாராம், ஆனால் அவன் கிரீன் கார்டுக்குக் கவலைப்படுவாராம். எனக்கு வந்த கோபத்தில், கிரீன் கார்டு பெரிசா பிள்ளை பெரிசா என்று கத்திவிட்டேன். மாலினி என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. நீ பாங்கு வேலைக்குப் போன நாளெல்லாம் இந்த வீட்டில்தான் தூங்கினாள். அவள் "பிப், பிப்" என்று கூப்பிட்டுக்கொண்டு கராஜில் இவர் காலைச் சுற்றியதை இவர் மறந்துவிட்டாரா என்று கேட்டேன். ராத்திரி சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

இனி நீ செய்ய வேண்டியது இதுதான். டேலிடம் கேட்டே எழுதுகிறேன். வாஞ்சி வரும்வரை அந்த அறைக்குள் போகாதே. அவர் வந்ததும் குளிர் கோட்டு, தடிமனான கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொள்ளச் சொல். முகத்துக்கு மப்ளரைச் சுற்றட்டும். உங்கள் பெரிய பஞ்சுப் போர்வையை, அந்த ரஜாயை, பெட்டி மேல் போட்டு, குலுக்காமல், சுற்றித் தூக்கி, வெளியே பனியில் வைக்கட்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகு ரஜாய்க்குள் கையை விட்டு ஒவ்வொரு மூடியையும் லேசாகத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். அதிக நேரம் விட்டால் உறைந்தும் வெடிக்குமாம், அதனால் அங்கேயே நின்று முடிக்கட்டும். சனிக்கிழமை வரப் போகிறவர்களுக்குக் கடையில் வாங்கிக் கொடுங்கள். மானம் போகாது.

இதை எக்ஸ்பிரஸ் மெயிலில் போடுகிறேன், நாளைக் காலையில் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். படித்ததும் துணி துவைக்கிற அறையில் இருக்கும் போனிலிருந்து கலெக்ட் கால் பண்ணு, காசு இங்கே கட்டிக்கொள்கிறோம். நாளை மதியத்துக்குள் உன் குரல் கேட்கவில்லை என்றால் நான் போலீசையே கூப்பிட்டுவிடுவேன். பிறகு யார் வேலை போனாலும் போகட்டும். அதை இவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் என் கையில் இல்லை. நான் எவ்வளவு எழுதினாலும் வாஞ்சி நம்பமாட்டார். "பொண்டாட்டியை விட்டு எழுத வைக்கிறான்" என்பார். கருப்பட்டி போட்டேன் என்று இவர் எழுதினால்தான் அவர் அந்தப் பெட்டியைப் பயந்து தொடுவார். இல்லையென்றால் அலட்சியமாகக் கையால் இழுப்பார், அவர் முகத்துக்கு நேரே இருக்கும். அதைத்தான் காலையிலிருந்து இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர் ஆபீசுக்கும் போகாமல் கராஜில் காலிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தேய்க்க அதில் ஒன்றுமில்லை.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். கவரையும் பேனாவையும் கராஜ் மேஜையில் வைத்துவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு வருவேன். வந்து ஒட்டி எடுத்துப் போவேன், படித்துப் பார்க்கமாட்டேன். கீழே ஏதாவது எழுதியிருந்தால் வாஞ்சியிடம் காட்டு. காலியாக இருந்தால் அவரையும் அந்த அறைக்குள் விடாதே, மூன்று பேரும் வெளியே வந்துவிடுங்கள்.

மாலினியின் தலையில் கை வைத்து நான் ஜெபித்ததாகச் சொல். பரலோக மாதா உங்கள் மூவருக்கும் காவலாக இருக்கட்டும்.

உன் அக்கா,
அமலி

ஏலே வாஞ்சி,

கருப்பட்டி நான்தான் போட்டேன். நீ அந்தப் பக்கம் திரும்பி மூடியெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தப்ப ஊத்தினேன். நீ முன்னாடியே ஊத்திட்டேன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேக்கல.

உன் அளவு தப்பில்ல. புத்தகமும் தப்பில்ல. அமலி எழுதினபடி கோட்டு, கண்ணாடி எல்லாம் போட்டுக்க. வெறுங்கையால தொடாதல. பாப்பாவை நாலு வீடு தள்ளிக் கொண்டு போயிட்டு அப்புறம் பெட்டியைத் தூக்கு.

எங்க வீட்ல இருந்தது எல்லாம் போயிட்டு. டேலும் மிச்சத்தைக் கொட்டிட்டாரு. காத்தை விட்டப்புறம் உங்கிட்ட ஒண்ணாவது தேறினா, குடிச்சுப் பாரு. எப்படி இருக்குன்னு எழுது. மத்தவன் நல்லாருக்குன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்கல.

பிலிப்