தலைவலிக்குக் காரணம் நான் இல்லை

என் பிரியமுள்ள வேன்காரருக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். நீங்கள் சுகமா என்று ஒப்புக்குக் கேட்கப் போவதில்லை. சுகமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சிக்னலுக்காக, நீங்கள் வேலை செய்யும் மலையிலிருந்து இறங்கி வந்து போன் செய்தீர்களே, அப்போது சொன்னதை நினைத்துப் பாருங்கள். "வேன்ல படுத்து எந்திரிச்சா தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. எல்லாம் உன்னைப் பார்க்காத ஏக்கம்தான்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டறைக்குக் கார் கொண்டுவந்தவர், "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தக் காரை ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் என்று ஒரு சத்தம். எங்கேயோ கேட்ட சத்தமாயிற்றே என்று யோசித்தேன். நீங்கள் ஏக்கத்தைச் சொன்னபோது பின்னால் நம் வேன் ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் இதே சத்தம்தான்! இஞ்சினோடு, புகையை வெளியேற்றும் ஹெடர் குழாய் சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட் போய், புகை கசிகிற சத்தம். நீங்களோ குளிருக்கு ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டபடி அதற்குள் தூங்குகிறீர்கள். உங்கள் தலைவலி அந்தப் புகையால்தான், ஏக்கத்தால் இல்லை.

இதில் பெருமை வேறு. ஹெடரைக் கழற்றினீர்களாம், பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டீர்களாம், "பசை ஒரு டியூப் முழுக்க அப்பிட்டேன், இனிமே எறும்புகூட நுழையாது" என்றீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறீர்கள். எறும்பு நுழையாது, சரி. புகை வெளியே வராதா? அந்தச் சூட்டில் உங்கள் பசை கருகி உதிர்ந்திருக்கும். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி இடைவெளியை அடைக்காது.

புதிய கேஸ்கெட் இத்துடன் வருகிறது. கடைக்காரர், "முழுக்க ஸ்டீல்ல இருக்கு, எடுத்துக்கங்கக்கா, அதுதான் உசத்தி" என்றார். உசத்திதான், ஆனால் அதற்குச் சமமான தளம் வேண்டும். நம் ஹெடர் தகடு, மாட்டியவள் நான்தானே, எனக்குத் தெரியும், உங்களைப் போலவே கொஞ்சம் கோணல். அதனால் நடுவில் தகடும் இருபுறமும் மெத்தென்ற கிராஃபைட்டும் உள்ளதை வாங்கினேன். கோணலோடு அனுசரித்துப் போகும். அந்த வித்தை எனக்கும் தெரியும்.

இஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டுங்கள். புதியதை வைத்துப் பார்க்கும்போது இஞ்சினின் துவாரத்தை அதன் விளிம்பு எங்கும் மறைக்கக் கூடாது, மறைத்தால் எரிந்துவிடும். பசை வேண்டவே வேண்டாம். நடு போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். உங்கள் பலத்தையெல்லாம் முதல் போல்ட்டிலேயே காட்டாதீர்கள். ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முடுக்குங்கள். பிறகு ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து உடனே அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வரக் கூடாது. மூக்கை நம்பாதீர்கள், ஆளைக் கொல்லும் வாயுவுக்கு வாசனையே கிடையாது.

பார்சலில் ஒரு குட்டி டப்பாவும் இருக்கும். நம் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பா பார்த்துட்டுத் திருப்பித் தரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாஷர் என்று நினைத்து எங்கேயாவது மாட்டித் தொலைக்காதீர்கள்.

இதைக் கொண்டுவரும் உங்கள் கூட்டாளியிடம், "முதல்ல அவரை வேனைவிட்டு இறக்குங்க, அப்புறம் கடுதாசியைக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். கேஸ்கெட் வேலை முடியும்வரை அவருடைய கூடாரத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அவர் குறட்டை விடுவாராம். விடட்டும். குறட்டையால் யாரும் செத்ததில்லை.

நீங்கள் இல்லாமலே போய்விட்ட வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. கேஸ்கெட்டை மாற்றிவிட்டு நாலு நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் தலை வலித்தால் அது என்னால்தான் என்று நம்புகிறேன். அப்போது வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள். வலிக்காவிட்டாலும் வந்துவிடுங்கள்.

கண்ணாடியை இறக்கி வைத்துக் காத்திருக்கும்,
உங்கள் பட்டறைக்காரி