எழுபத்தாறு அடி

ஜூலை 9, வியாழன்

காலையிலிருந்து மூடுபனி. நான் ஓட்டும் தேயிலைத் தோட்டத்து லொறிக்கு பிரேக் தேய்ந்துவிட்டது.

இந்த நோட்டின் மேல் சத்தியம்: இனி எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் போகட்டும்.

மலைச் சரிவில், லயத்து வீட்டு வரிசைக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மரத்தைச் சனிக்கிழமை வெட்டுகிறார்களாம். கணக்கப்பிள்ளை (இனி க.பி.; முழுப்பேர் எழுதினால் மை புளித்துப்போகும்) அறுபது அடி மரம் என்கிறான். மரத்திலிருந்து கடைசிக் காம்பரா நாடா பிடித்து எழுபது அடி. ஆகவே யாரும் வெளியேற வேண்டாமாம். மரத்தை எப்படி அளந்தான்? கண்ணால். நிறைந்த கொழுந்துக் கூடையை அரைக்கூடை என்று பார்க்கிற கண்.

அந்தக் கடைசிக் காம்பராவில் குடியிருப்பது என் தங்கை பாக்கியம். பிள்ளை பெற்று ஒன்பது நாள். தீட்டு கழியாமல் வாசல் தாண்ட மாட்டாள்.

ஜூலை 10, வெள்ளி

தூறல். பாக்கியத்தின் மூத்தவள் ராசாத்தி ஹட்டனில் எஸ்.எஸ்.சி. படிக்கிறாள். திரிகோண கணிதம். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி என் கண்ணோடு வைத்தாள். இமயமலையை அளந்தவன்கூட இந்தக் கம்பீரத்தோடு நின்றிருக்கமாட்டான். காம்பரா வாசலிலிருந்து மர உச்சி அறுபது பாகை. மடக்கைப் புத்தகம், பென்சில். விடை: நூற்றிருபத்தாறு அடி.

சும்மா இருந்திருக்கலாம். லயத்தில் இருநூறு என்றேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் முந்நூறு. உச்சிக்குப் போகும் குருவி பாதி வழியில் ராத்தங்கும் என்றேன்.

க.பி., எல்லாரும் கேட்க: "டிரைவரே, டீசல லொறிக்கு ஊத்துறீங்களா, நீங்களே குடிக்கிறீங்களா?" பெரட்டே சிரித்தது. ராசாத்தி அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போனது.

அதே நாள், பின்னேரம்

புத்தகத்துப் படத்தில் சமதரை, அதில் கொடிக்கம்பம். நமக்கு ஏது சமதரை? ராசாத்தியேதான் கண்டுபிடித்தாள்.

"மாமா, கீழ நின்னு பாத்தோம்ல, மலையையும் சேத்து அளந்துட்டோம்."

மரத்தடிக்கு நேராக ஓடும் லொறிப் பாதை மட்டம். அதில் பின்னால் பின்னால் நடந்தேன், நூல் நாற்பத்தைந்து பாகையில் நிற்கும்வரை. எழுபத்தோரடி. நாற்பத்தைந்து என்றால் தூரமும் உயரமும் ஒன்றாம். என் கண் உயரம் ஐந்து. ஆக எழுபத்தாறு. விழுந்தால் காம்பராவுக்குள் ஆறடி.

போய்ச் சொன்னாள். க.பி.: "காலையில முந்நூறு. இப்ப எழுபத்தாறு. விடிஞ்சா கத்தரிச் செடியாயிரும் போலருக்கே. புத்தகத்த அடுப்புல வைம்மா."

பாக்கியமும் நம்பவில்லை. "ஒன்னைய நம்புவேன் ராசாத்தி. ஒங்க மாமா கூட நின்னு அளந்தாருங்கிற, அதான் யோசனையா இருக்கு."

அடி வாங்கியதுபோல் இருந்தது.

ஜூலை 11, சனி

பேய்க்காற்று. பாக்கியத்தின் புருசன் மச்சானும் நானும் அவளைக் கட்டிலோடு தூக்கினோம். காதில் பஞ்சு, தலையில் துணி, மடியில் பிள்ளை, வாயில் எனக்கு வசவு. க.பி. கைதட்டினான். அந்தக் கை விளங்காமல் போக.

பதினொரு மணி. மரம் சாய்ந்தது. தகரம் கிழிந்தது. உச்சிக் கொம்பு காம்பராவுக்குள். தொட்டில் கட்டியிருந்த சட்டம் இரண்டு துண்டு.

பாக்கியம் அதைப் பார்த்தாள். வசவு நின்றது.

க.பி. சொன்னது ஒரே சொல்தான்: "காத்து." ராசாத்தி பக்கம் திரும்பவில்லை. நான் செத்தாலும் அவனை மன்னிக்கமாட்டேன். செத்த பிறகும் தனியாக வந்து மன்னிக்காமல் போவேன்.

ஜூலை 12, ஞாயிறு

மழை. ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் கதை சொன்னேன். மரம் ஐந்நூறு அடி, க.பி. என் காலில் விழுந்தான், தோட்டத்துத் துரை ராசாத்திக்குத் தன் குதிரையைக் கொடுத்தார். ஒருவரும் நம்பவில்லை. சரிதான், எல்லாம் பொய்.

எழுபத்தாறு மட்டும் உண்மை. கிடந்த மரத்தின்மேல் நாடாவைப் பிடித்து ராசாத்தி இன்று அளந்தாள். கூட அரை அடி.