பாட்டுக்குச் சொந்தச் சத்தம்

அன்பான புவனம்,

உம்மட முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் இஞ்ச ராசா மாதிரி இருக்கிறன், வேலை முடிய உடம்புதான் அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடக்கும்.

நான் போனில செய்த பாட்டைக் கேட்டு டோகாவில ஒட்டகமே நிண்டது. அந்தப் பாட்டு விலைபோனால் வேலையை விட்டிட்டு வரலாம் எண்டிருந்தன். ஆனால் இணையத்தில பாட்டு விக்கிற தளத்தில இருந்து அதைத் தூக்கிப்போட்டாங்கள். நான் இலவசமா எடுத்துப் போட்ட இசைத்துண்டை அப்பிடியே விக்கேலாதாம். சொந்தச் சத்தம் சேர்த்துப் புதுப் பாட்டாக்கினால் விக்கலாமாம்.

“அண்ணே, அதில உங்கட சொந்தமா என்ன இருக்கு?” எண்டு அறையில இருக்கிற சனூன் சிரிச்சான். நான் நித்திரை மாதிரிக் கிடந்தன்.

அதால, நீர் வயலில தகரம் தட்டிக் கிளி கலைக்கிறதைப் போனில பதிஞ்சு அனுப்பும். இடையில ஒருக்கா “இஞ்சாருங்கோ” எண்டு கூப்பிடும். சட்டம் அதைக் கட்டாயம் கேக்குது.

பஸ் வந்திட்டுது, ஓடுறன்.

உம்மட
கனகசபை