ஓ.எஸ். எது என்ற கேள்விக்கு என் பதில்

எர்ணாவூர்,
ஞாயிறு.

அன்புள்ள ராமசெல்விக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் பதவிக்கான கம்ப்யூட்டர் தேர்வில் தோற்றுவிட்டேன். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இருமல் மட்டும்தான், அதுவும் பழகிவிட்டது.

என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி: 'உங்கள் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் எது?' எங்கள் யார்டு கேட்டில் கம்ப்யூட்டரைப் போட்டாலே கண்டெய்னர் எண் பதியும் பக்கம் நேராக வந்து நிற்கும். ஒன்பது வருடமாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. அதனால் 'கண்டெய்னர் பதிவு' என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

திருத்திய ஜானட் மேடம் சிரித்தார். "இன்னாண்ணே, அது மேல குந்திகினு கீற புரோகிராம். கீபோர்டு, ஸ்கிரீன், பிரிண்டர் அல்லாத்துக்கும் வேலை குடுத்து, கீழ தாங்கிகினு கீதே, அதான் ஓ.எஸ். கண்ணுக்கே தெரியாது."

"அப்போ இந்த யார்டுக்கு நாந்தாம்மா ஓ.எஸ்." என்றேன். அதற்கு மார்க் இல்லையாம்.

சூப்பர்வைசர் பதவியும் அதோடு வரும் குவார்ட்டர்ஸும் மேனேஜர் மனைவியின் தம்பி இக்னேஷியஸுக்குப் போய்விட்டன. ஆகவே நீ பெட்டி கட்டாதே. கட்டியிருந்தால் பிரித்து, கருப்பட்டியையும் ஒரு தலையணையையும் மட்டும் அனுப்பு. இரண்டு வேண்டாம்.

கேட்டில் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறான்.

சுயம்பு

பி.கு.: இக்னேஷியஸ் டீக்கடையில் சொன்னான்: "மாமு, உன் பேப்பரைப் பாத்துதான் நானும் எய்தினேன். அதே பதில். கோடுகூட போட்டேன்."